விடியப்புறப் பழக்கம்: குசினிக்குள்ளே ஒரு வழி

காலையில் எழும்பித் தியானம் செய்யுங்கள், ஓடுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள் என்று சொல்லித் தருகிறவர்களிடம் நான் கேட்க நினைக்கிற கேள்வி ஒன்றுதான். நீங்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது உங்கள் வீட்டில் புட்டு அவிக்கிறது யார்?

எனக்கு வயது 49. திருகோணமலையில் உவர்மலையில் இருக்கிறோம். டவுனில் ஒரு அரச அலுவலகத்தில் கிளார்க் வேலை. வீட்டில் கணவர், மாமி, வேலை தேடிக்கொண்டிருக்கிற மகன், ஏ.எல். படிக்கிற மகள். ஏழு மணிக்கு மகள் வெளிக்கிட வேண்டும், எட்டரைக்கு நான் கந்தோரில் நிற்க வேண்டும். "உங்களுக்கென்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்" என்று எனக்குச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் மூன்று வருசத்துக்கு மேலாக, சாமிக்கும் உடம்புக்கும் மனசுக்கும் காலையில் ஏதோ ஒன்று செய்துகொண்டுதான் வருகிறேன். அது எப்படி நிலைத்தது என்பதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

2022 பங்குனியில் காஸ் இல்லாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதோடு கரண்ட் வெட்டும் சேர்ந்துகொண்டது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூட வெட்டினார்கள். பின்வளவில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம் என்றால் ஊதி ஊதிக் கண் எரியும். ஏழு மணிக்குச் சாப்பாடு தயாராக வேண்டும் என்றால் நாலேகாலுக்கு எழும்பினால்தான் சரிவரும். பிறகு ஒருவழியாகக் காஸ் வந்தது. உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நாலேகாலுக்குத் தானாக முழிப்பு வந்தது, சமையலுக்கோ அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா கையில் வந்து விழுந்தது. முதல் இரண்டு கிழமை அதைப் போன் பார்த்தே தொலைத்தேன்.

அந்த நேரம்தான் கந்தோரில் பக்கத்து மேசையில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். அவர் முஸ்லிம், சின்ன வயதிலிருந்தே விடியப்புறத்துச் சுபஹு தொழுகை விட்டதில்லை. "எப்படி நாள் தவறாமல் எழும்புறீங்க?" என்றேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பாங்கு சொன்னா எழும்புறதுதானே, அதில யோசிக்க என்ன இருக்கு?" என்றார். எனக்கு வேலை செய்தது அந்தப் பதில்தான். எழும்புவதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்தால் பாய்தான் வெல்லும். ஆகவே ஒவ்வொன்றையும் ஏற்கெனவே நடந்தே தீருகிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிட வேண்டும். புட்டுக்குத் தேங்காய் துருவாமல் விட முடியாது. கந்தோருக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த வேலைகளில்தான் நான் கட்டினேன்.

முதலில் இரவைச் சரிசெய்யுங்கள். நாலரைக்கு எழும்ப வேண்டும் என்றால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேர நித்திரை வேண்டும் என்பது சும்மா சொல்கிற கதை இல்லை. நான் ஒன்பது மணி நாடகத்தை விட்டேன், அதில் இன்னும் கவலைதான். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்பித் தியானம் செய்கிறேன் என்று இறங்கினால், இருந்தபடியே தூங்குவீர்கள். அப்படி வேலை உள்ளவர்கள் ஐந்தரைக்கோ ஆறுக்கோ எழும்புங்கள், ஒரு குறையும் இல்லை.

படுக்க முன் நான் செய்வது நாலு வேலை. போனைக் குசினியில் சார்ஜில் போடுவேன். அலாரம் அங்கே அடித்தால் எழும்பிப் போய்த்தான் நிறுத்த வேண்டும், நிறுத்தப் போனவள் குசினியில் நிற்பாள். வறுத்த சிவப்பரிசி மாவை அளந்து சட்டியில் போட்டு மூடி வைப்பேன். விளக்குக்குத் திரி போட்டு எண்ணெய் விட்டு வைப்பேன். தீப்பெட்டியை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைப்பேன். இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தெரியும். முதல் மாரியில் தீப்பெட்டி நமத்துப்போய் ஒன்பது குச்சி உரசியும் பற்றவில்லை. பத்தாவது குச்சியோடு கோபம் வந்து திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். பழக்கம் அறுவது பெரிய காரணங்களால் இல்லை, இப்படி ஒரு நமத்த தீக்குச்சியால்.

சரி, காலைக்கு வருவோம்.

நாலரைக்கு அலாரம். முகம் கழுவி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, திருநீறு பூசி விளக்கேற்றுவேன். ஒரு தேவாரம், வாய்விட்டு. முணுமுணுத்தால் மனம் பாட்டில் நிற்காது, குரல் வெளியே வந்தால்தான் காது அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டார் எழும்பிவிடுவார்களே என்று முதலில் பயந்தேன். மாமி ஏற்கெனவே முழித்துத்தான் கிடப்பாராம், எனக்குத்தான் தெரியாது. விளக்கும் பாட்டும் சேர்த்து ஏழெட்டு நிமிடம். உங்கள் சமயம் எதுவோ அதன்படி இந்த இடத்தில் ஜெபமோ தொழுகையோ வைத்துக்கொள்ளுங்கள். சமயமே வேண்டாம் என்கிறவர் ஒரு விளக்கை மட்டுமாவது ஏற்றிப் பார்க்கலாம். இருட்டில் ஒரு சுடரைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு வேலைதான்.

விளக்கு முடிந்ததும் விறாந்தையில் பாயை விரித்துச் சூரிய நமஸ்காரம். பக்கத்தில் நுளம்புத்திரி ஒன்று கட்டாயம். இதில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். முதல் நாளே பன்னிரண்டு சுற்றுச் செய்தேன். பள்ளிக்கூடத்தில் நெட்போல் ஆடியவள் என்ற நினைப்பு. அடுத்த நாள் இடுப்புப் பிடித்து, கதிரையில் இருந்து எழும்ப மகனின் கை தேவைப்பட்டது. பத்து நாள் ஒன்றும் இல்லை. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: முதல் கிழமை இரண்டே சுற்று. கிழமைக்கு ஒன்று கூட்டுங்கள். ஆறில் நின்றாலும் போதும், நான் ஆறில்தான் நிற்கிறேன்.

ஒரு சுற்றில் பன்னிரண்டு நிலை. அவற்றின் பெயர்களைப் பாடமாக்க வேண்டியதில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டால் உடம்பு தானாக வரிசையில் போகும். நெஞ்சு விரிகிற இடத்தில் மூச்சு உள்ளே, வயிறு மடிகிற இடத்தில் மூச்சு வெளியே. கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கும்போது உள்ளே. குனிந்து நிலத்தைத் தொடும்போது வெளியே. ஒரு காலைப் பின்னால் நீட்டி நிமிர்ந்து பார்க்கும்போது உள்ளே. பாம்பு மாதிரித் தலையைத் தூக்கும்போது உள்ளே, இடுப்பை மேலே உயர்த்திக் கூரை மாதிரி நிற்கும்போது வெளியே. முதல் சுற்றில் வலது காலைப் பின்னால் விட்டால் அடுத்த சுற்றில் இடது கால். குனியும்போது கை நிலத்தில் படவில்லை என்றால் முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள், ஒருவரும் பார்க்கவில்லை. பிரஷர், முதுகெலும்புப் பிரச்சினை, தலைச்சுற்று இருக்கிறவர்கள் தலை கீழே போகிற நிலைகளை டொக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் இழுக்காமல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டொபியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி முதல் நாள் பார்த்துவிட்டு, "பிள்ளை, வெறும் வயித்தோட உது என்ன கையைக் காலை ஆட்டுறாய்?" என்றார். நாலு மாதம் கழித்து ஒரு நாள் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, இருந்தபடி கையை மட்டும் தூக்கி இறக்கத் தொடங்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்.

அதே பாயில், மூச்சு இறங்க விட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. தொடக்கத்தில் மூன்று நிமிடம் போதும், இப்போது பத்து. மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு என்று பத்துவரை எண்ணித் திரும்ப ஒன்று. எனக்குப் பத்துவரை ஒழுங்காகப் போவது அபூர்வம். நாலாவதிலேயே "இன்றைக்கு என்ன கறி" என்று வந்துவிடும். வந்தால் அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவேன். "கறி." ஒன்று, இரண்டு. "பீஸ்." ஒன்று. "அந்த மனுசி சொன்ன கதை." ஒன்று. கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்தது. எனக்கு வருகிற எண்ணங்கள் எல்லாமாக ஏழெட்டுத்தான், அவைதான் திரும்பத் திரும்ப வேறு சேலை கட்டிக்கொண்டு வருகின்றன. சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். திருகோணமலையில் அந்த நேரத்தில் அமைதி என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் கோயில் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் பாங்கு, இன்னொரு பக்கம் விகாரையில் ஓதுகிற பிரித். பாங்கு ஆனியில் நாலரை வாக்கில் கேட்கும், தை கடைசியில் ஐந்து தாண்டிவிடும். அந்த மாதங்களில் நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அது வரும். அதோடு சண்டை பிடிக்காமல் கேட்டுக்கொண்டே எண்ணுங்கள்.

இனிக் குசினி. மனசுக்கான பயிற்சி எனக்கு இங்கேதான் நடக்கிறது.

சம்பந்தர் எங்கள் கோணமலைக்குப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடியும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து 46 வயதுவரை முதல் பாட்டைத் தவிர ஒன்றும் எனக்குப் பாடமில்லை. அதைத் தேங்காய் துருவுகிற நேரத்தில் பாடமாக்கினேன். ஒரு பாட்டுக்கு நாலு அடி. திங்கள் முதல் வியாழன்வரை நாளுக்கு ஓர் அடி. வெள்ளிக்கிழமை நாலையும் சேர்த்து. சனியில் பழைய பாட்டுகள். ஒரு துண்டுக் கடதாசியில் அன்றைய அடியை எழுதி மாச்சட்டி மூடியில் ஒட்டி வைப்பேன்.

திருவலையில் குந்தியிருந்து பாதித் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பும்போது அதற்கு ஒரு தாளம் உண்டு. ஓரத்திலிருந்து தொடங்கினால் முதலில் வரட்டு வரட்டு என்று வரும், உள்ளே போகப் போகச் சத்தம் மெதுவாகும், பூ மாதிரி விழும். அடியை இரண்டாக உடைத்து முதல் பாதியை அந்த வரட்டுச் சத்தத்தோடும், மற்றப் பாதியை மெதுவான இடத்திலும் சொல்வேன். சிரட்டை தெரியத் தொடங்கினால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் புட்டில் கறுப்பு விழும். கவனம் பாட்டுக்கு முழுவதும் போய்விட்டால் கறுப்பு விழும், தேங்காய்க்கு முழுவதும் போய்விட்டால் பாட்டு மறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த நிலைக்குப் பயிற்சி என்று பெயர் வைக்கலாமோ தெரியாது, எனக்கு அது பிடித்திருக்கிறது. கடல் சந்தனத்தையும் அகிலையும் முத்தையும் கரையில் கொண்டுவந்து கொழிக்கிறது என்று முதல் பாட்டில் வரும். இப்போது டச்பேயில் கடல் கொண்டுவந்து தள்ளுவது பிளாஸ்டிக் போத்தல். அந்த அடி வரும்போதெல்லாம் அது ஞாபகம் வந்துவிடும்.

உங்களுக்குத் தேவாரம் வேண்டாம் என்றால் குறள், குர்ஆன் வசனம், சங்கீதம், மகளின் இரசாயனவியல் சூத்திரம், எதுவும் சரி. பாடமாக்குவதுதான் முக்கியம். போன் நம்பரைக்கூட மனசில் வைக்காத ஆட்களாகிவிட்டோம்.

கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து நீத்துப்பெட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினால் ஏறக்குறையப் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் முன்பு பாத்திரம் கழுவினேன். இப்போது குசினி வாங்கில் இருந்து எழுதுகிறேன். புதுக் கொப்பி வாங்கவில்லை. மகனின் ஓ.எல். கணக்கு சீ.ஆர். கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்கள். மூன்றே வரி: நேற்று எங்கே பிழைத்தேன், இன்றைக்கு முடிக்க வேண்டிய ஒரே ஒரு வேலை, யாருக்கு ஒரு நல்ல சொல் பாக்கி இருக்கிறது. அண்மையில் எழுதியது ஒன்று:

"கவுண்டரில் நின்ற ஐயாவிடம் போட்டோக் கொப்பி இல்லை என்று எரிந்து விழுந்தேன். இன்று பழைய பைல்களில் மேல்தட்டு முடிக்க வேண்டும். தங்கச்சிக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும்."

அவ்வளவுதான். வசனம் அழகாக வர வேண்டியதில்லை. ஆவி மேலே வந்து புட்டு வாசம் வந்தால் பேனையை வைக்க வேண்டும், அதுதான் மணி. நீளமாக எழுத ஆசைப்பட்ட ஒரு நாள் நீத்துப்பெட்டிக்குக் கீழே தண்ணீர் வற்றிப் பானை கருகியது. மூன்று வரி என்ற கட்டுப்பாடு அன்றைக்கு வந்தது.

நடை. பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பு சூடேறுகிற மாதிரி அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விடியப்புறத்தில் தெருநாய்களுக்கு நடுவே தனியாக நடக்க எனக்குத் துணிவில்லை, பெண்களுக்கு அந்தத் துணிவைப் புத்திமதியாகச் சொல்லவும் மாட்டேன். ஆகவே கந்தோருக்கு ஓட்டோவில் போவதை நிறுத்தி நடந்து போகிறேன். 25 நிமிடம். ஐந்து நாளில் 125, மிச்சத்தை ஞாயிறு பார்த்துக்கொள்ளும். சேலையோடு சப்பாத்துப் போட்டு நடந்தேன், கந்தோர் செருப்பு பைக்குள். முதல் கிழமை சந்தியில் சிரித்தார்கள், இரண்டாம் கிழமை அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது முகம் அடுப்புக்கு முன்னால் நிற்பது மாதிரி இருக்கும். அப்போது பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடுவேன், குடையும் ஒரு போத்தல் தண்ணீரும்.

ஐப்பசியிலிருந்து தைவரை மழை. நடக்க முடியாத நாளில் விறாந்தையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு 14 அடி. 108 தரம் போய்வருவேன். எண்ண இரண்டு டின்னும் புளியங்கொட்டையும் வைத்திருக்கிறேன், ஒரு முறைக்கு ஒரு கொட்டை மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு "நமசிவாய". வெளியில் மழை, உள்ளே டின்னில் டொக் டொக் என்று சத்தம். மகள் காதைப் பொத்திக்கொண்டு படிப்பாள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கி எட்டாம் நாள் விழுந்தேன். இரண்டாம் தரம் முதல் மாதம் விளக்கு மட்டும். இரண்டாம் மாதம் நமஸ்காரம். பிறகு சும்மா இருத்தல், பிறகு கொப்பி. தொடங்க நல்ல காலம் எது என்று கேட்டால் மார்கழித் திருவெம்பாவை என்பேன். அந்தப் பத்து நாளும் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பொடியன்கள் தெருவில் வருவார்கள். ஊரே எழுப்பிவிடும்போது அலாரம் எதற்கு.

விட்டுப்போகிற நாட்களுக்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். மாதவிலக்கு நாளில் எங்கள் வீட்டில் நான் விளக்குத் தொடுவதில்லை. அது சரியா பிழையா என்ற வாதத்தை இங்கே எடுக்கவில்லை. மாமி ஏற்றுவார், நான் நமஸ்காரத்தையும் விட்டுவிட்டு இருந்து எண்ணுவதையும் கொப்பியையும் மட்டும் வைத்துக்கொள்வேன். காய்ச்சல், செத்த வீடு, பயணம் என்றால் குறுக்கின வடிவம்: திருநீறு, பத்து மூச்சு, ஒரு வரி. இரண்டு நிமிடம். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் இந்தக் கரையைக் கடந்த இரவில் விடியும்வரை வீட்டார் ஒருவரும் கண் மூடவில்லை. அப்போது எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனால் விடிந்ததும் மாமி ஈரச் சேலையோடு போய் விளக்கேற்றினார், அதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். குறுக்கின வடிவம் அங்கேயிருந்து எடுத்ததுதான்.

ஞாயிறு எனக்கு வேறு கணக்கு. ஆனியில் 5.50க்கே சூரியன் வந்துவிடும், தை கடைசியில் 6.25 ஆகும், அதற்கேற்றபடி கணவரோடு மோட்டார் சைக்கிளில் கோணேசர் கோயில் இருக்கிற கோட்டையின் வாசல்வரை போய் அங்கிருந்து நடப்போம். வாசல் கல்லில் இருக்கிற இரட்டை மீனை ஒருதரம் பார்த்துக்கொள்வேன். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கல்லாம். ஏற்றத்தில் கதைக்காமல் நடக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். மூச்சு வாங்கினால் நிற்கலாம், கதைக்கக் கூடாது. 25 வருசம் கலியாணம் முடித்தவர்களுக்கு அது பெரிய தவம் இல்லை என்று இவர் சொல்கிறார். கோணேசரைக் கும்பிட்டு, இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவுப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்போம். அர்ச்சனைப் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டாம், நெஞ்சோடு பிடியுங்கள். கோட்டைக்குள் திரிகிற மான் ஒன்று பின்னால் வந்து என் வெற்றிலையையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இறங்கி வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிடும். ஞாயிறு புட்டு மகன் அவிக்கிறான். கொஞ்சம் கட்டியாகத்தான் இருக்கும்.